ஆழாக்கு வயிறு

எங்கள் வீட்டில் ஒரு பித்தளை ஆழாக்கு இருக்கிறது. அத்தை, அதாவது என் மாமியார், கல்யாணமாகி, ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் மண்டபம் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த சாமான்களில் விற்காமலும் தொலையாமலும் மிஞ்சியது அது ஒன்றுதான். விளிம்பெல்லாம் நெளிந்து கிடக்கும், ஆனாலும் இன்றைக்கும் அதில்தான் அரிசி அளக்கிறோம், ஆளுக்கு ஒன்று, விருந்தாளி வந்தால் கூட ஒன்று. எடை குறைய வயிற்றைச் சின்னதாக்குகிற ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த நாலாம் நாள், ஒரு வேலையும் செய்யக்கூடாது என்று என்னை உட்கார்த்தி வைத்திருந்தார்கள், பொழுது போகாமல் அந்த ஆழாக்கு நிறையத் தண்ணீர் ஊற்றி, மகளின் இருமல் மருந்தோடு வந்த மூடியால் மொண்டு மொண்டு அளந்து பார்த்தேன். 160 மில்லி சொச்சம் வந்தது. எனக்கு மிச்சம் வைத்திருக்கும் வயிறு 100 முதல் 150 மில்லி பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆழாக்கு அரிசிச் சோற்றை ஒரே வேளையில் தனியாக முடிக்கிறவளுக்கு இப்போது வயிறே ஆழாக்குக்கும் குறைவு. சிரிப்பு வந்தது, துளை போட்ட இடமெல்லாம் இழுத்தது, நிறுத்திக்கொண்டேன்.

இது 2023-இல், மகாசிவராத்திரிக்கு மறுவாரம். அப்போது எனக்கு 42 வயது, 118 கிலோ, சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, மாடிப்படி என்றாலே பயம். எப்படி அந்த எடைக்குப் போனேன், அதற்கு முன்னால் என்னவெல்லாம் செய்து பார்த்தேன் என்பதை எழுதப் போவதில்லை. குண்டாக இருக்கிறவர்களுக்கு ஊரில் அறிவுரைக்கா பஞ்சம்! மதுரையில் செய்துகொண்டேன். ஸ்லீவ் என்பார்கள். வயிற்றின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் தைத்து விடுகிறார்கள். வெட்டி எடுக்கிற பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறதாம், அதனால் முதல் சில மாதங்கள் பசி என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும். எனக்கு அது பசியை விடக் கொடுமையாக இருந்தது. மணி பார்த்துச் சாப்பிடுவது, மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற மாதிரி.

கையில் ஒரு தாள் கொடுத்து அனுப்பினார்கள். முதலில் தெளிந்த நீர், அப்புறம் கெட்டியான திரவம், அப்புறம் மசித்தது, அப்புறம் மென்மையானது, ஆறு ஏழு வாரம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டி உணவு. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, சாப்பிட்டபின் அரைமணி நேரம் கூடாது. எல்லாம் சரி. ஆனால் அதில் எழுதியிருந்த சாப்பாடு புரோக்கோலி சூப்பும் ஓட்ஸும் கிரில் செய்த கோழியும். மண்டபத்தில் புரோக்கோலிக்கு நான் எங்கே போவேன்? இந்தப் பக்கம் தென்கடல், அந்தப் பக்கம் வடகடல், நடுவில் ஒரு ரோடும் ரயில் தண்டவாளமும், அவ்வளவுதான் எங்கள் ஊர்.

தாளை அத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, என் மகள் வாசித்துக் காட்டினாள். "தெளிஞ்ச சாறுதான? பிள்ளை பெத்தவளுக்கு வைக்கிறதுதான" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையில் காரல் மீன் வாங்கி வந்துவிட்டார். காரல் தெரியாதவர்களுக்கு: உள்ளங்கைக்குள் அடங்குகிற, வெள்ளிக்காசு போல மினுங்குகிற தட்டை மீன், உடம்பெல்லாம் முள், காசிருக்கிற வீட்டில் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் எங்கள் கரையில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதைத்தான் ஆக்கிப் போடுவார்கள். மிளகு, சீரகம், நாலு பல் பூண்டு, மஞ்சள், இரண்டு சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, மீன் கரைகிற வரைக்கும் கொதிக்கவிட்டு, முள் ஒன்றுகூட வராமல் பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டினார். "இதை மூணாவது பேறுகாலம்னு நெனச்சுக்கத்தா" என்று நீட்டினார். மருந்து மூடி அளவு, கால்மணி நேரத்துக்கு ஒரு மூடி. ஆஸ்பத்திரியில் நாலு நாள் வெறும் தண்ணீரும் குளுக்கோஸும் பார்த்த நாக்கில் அந்த மிளகு பட்டபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. காரத்தால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

புரதப் பொடியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைத் தேடி வருகிறவர்களுக்குப் பயன்படும். வெனிலா வாசம் போட்டது எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை, டப்பாவைத் திறந்தாலே குமட்டும். வாசனை சேர்க்காத பொடி கிடைக்கிறது, அதை ரசத்தில், பருப்புத் தண்ணீரில், மோரில் கலக்கிக் குடித்துவிடலாம். கொதிக்கிற ரசத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள், பால் திரிந்த மாதிரி திப்பி திப்பியாகிவிடும். விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, தனியாக ரெண்டு ஸ்பூன் தண்ணீரில் குழைத்து ஊற்ற வேண்டும்.

நாலாவது வாரம் நோன்பு பிறந்தது. எதிர்வீட்டு லாத்தா வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்குக் கஞ்சி அனுப்புவார், அந்த வருஷம் எனக்கென்று தனியாக ஒரு சின்ன ஏனத்தில் வந்தது. அரிசியைக் குறைத்து, பாசிப்பருப்பைக் கூட்டி, கறியை நன்றாக வேகவிட்டு, கீழே இருந்து அள்ளி எடுத்தது. வெந்தயமும் பூண்டும் அதில் கிடந்து குழைந்த வாசம் தெருமுனைக்கு வரும். மிக்சியில் ஒரு சுற்று சுற்றி, மல்லித்தழையை மட்டும் மேலே கிள்ளிப் போட்டு, ஆறு ஸ்பூன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது நானும் ஸ்பூனை எடுப்பேன், அந்த மாதம் முழுக்க நோன்பு பிடிக்காமலே நோன்பு திறந்தவள் நான். மசித்த உணவுக் கட்டத்தைப் பலர் நரகம் என்று எழுதுகிறார்கள், அவர்களுக்கு எதிர்வீட்டில் லாத்தா இல்லை.

ஏழாவது வாரம் கெட்டி உணவு தொடங்கலாம் என்றார்கள். பாருங்கள் என் நேரத்தை, ஏப்ரல் 15 பிறந்துவிட்டது. ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகும் வள்ளமும் மட்டும் பக்கத்திலேயே போய்வரும், அதில் வருகிற மீனுக்கு ஏலத்தில் அடிதடி. குடும்பத்துக்கே மீன் வாங்க முடியாத விலை. ஆனால் எனக்கு வேண்டியது என்ன? இரண்டே மீன். அதுவும் சின்ன மீன். கரையில் மீன் விற்கிற அக்கா முதலில் என்னை ஏற இறங்கப் பார்த்தார், அப்புறம் பழகிவிட்டது, கூறு கட்டியதுபோக மிஞ்சுகிற நாலு கிழங்கானை ஓரமாக எடுத்து வைத்திருப்பார். கிழங்கான் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்கிற மீன், சதை பஞ்சு மாதிரி, விரலால் தொட்டால் முள்ளை விட்டுப் பிரிந்துவிடும். என் புது வயிறு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஏற்றுக்கொண்ட முதல் கெட்டி உணவு அது.

இரண்டாவதாகச் சோறு சாப்பிட்டுப் பார்த்தேன், அது எதிர்த்துப் பேசியது. மூன்று வாய்தான். நெஞ்சுக்கூட்டுக்கு நடுவில் ஒரு கல் வந்து உட்கார்ந்த மாதிரி, வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறி, துப்பத் துப்ப நிற்காமல், கொல்லைப்புறத்தில் போய் அரைமணி நேரம் நின்றேன். தண்ணீர் குடித்து இறக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள், இன்னும் மோசமாகும். மெல்லாமல் விழுங்கியது என் தப்பு. ஒவ்வொரு வாயையும் இருபது இருபத்தைந்து தடவை மெல்ல வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள், நாற்பது வருஷமாக உருட்டிப் போட்டுப் பழகிய கை கேட்கவில்லை. பரோட்டா, காய்ந்த கோழி, புட்டு, ரொட்டி, இதெல்லாம் இன்றைக்கும் எனக்கு அடைக்கும். முறுகலாகச் சுட்ட தோசையின் ஓரம் அடைக்காது, நடுப்பகுதி அடைக்கும். ஏன் என்று கேட்காதீர்கள்.

இப்போது நான் உண்மையில் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கெட்டி உணவு வந்ததும் நானே சமையலுக்குத் திரும்பினேன். ஐந்து பேருக்கு ஆக்கி, அதிலிருந்தே எனக்கு இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், தாளிலும் 'வீட்டு உணவையே குறைவாக' என்றுதான் இருந்தது. ஒரு மாதம் ஓடியது. வயிறு நிறைந்தது, ஆனால் சாப்பிட்ட மாதிரியே இல்லை. கையைக் கழுவிவிட்டு எதையோ மறந்துவிட்ட மாதிரி அடுப்படியிலேயே சுற்றிச் சுற்றி வருவேன். மனசுதான் காரணம், பழைய ஆசை போகவில்லை என்று நினைத்துக்கொண்டு என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் பாறை மீன் குழம்பில் ஒரு துண்டை எடுத்து வெறுமனே சாப்பிட்டபோதுதான் உறைத்தது. அந்தக் குழம்பு எனக்காகச் செய்ததே இல்லை, சோற்றுக்காகச் செய்தது.

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் செய்கிற எல்லாமே ஒரு மலைச் சோற்றை மனதில் வைத்துத்தான் உப்பு, புளி, காரம் போடப்படுகிறது. ஒரு கரண்டிக் குழம்பு நாலு கைப்பிடிச் சோற்றுக்கு ருசி கொடுக்க வேண்டும், அதனால் அது தூக்கலாக இருக்கும். சோற்றை எடுத்துவிட்டுக் குழம்பையும் மீனையும் மட்டும் தின்றால் நாக்கு சுடுகிறது, உப்புக் கரிக்கிறது, புளி நெஞ்சில் ஏறுகிறது. அம்மா வீடு முதுகுளத்தூர் பக்கம், முண்டு மிளகாய் விளைகிற மண், 2023-இல்தான் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது, வருஷத்துக்கு ஐந்து கிலோ அங்கிருந்து வரும். அந்தத் தூளில் நான் வைக்கிற குழம்பு சோற்றோடு அமிர்தம். சோறு இல்லாமல் தண்டனை.

அப்போதுதான் முடிவு செய்தேன், எனக்குத் தனியாக ஒரு சட்டி வைப்பது என்று. ராமநாதபுரம் சந்தையில் பிள்ளைகள் விளையாடுகிற சொப்புக்கு அடுத்த அளவில் ஒரு மண்சட்டி வாங்கினேன். இரண்டு மீன் பக்கத்தில் பக்கத்தில் படுக்கலாம், மூன்றாவதுக்கு இடமில்லை.

வீட்டில் அது எப்படிப் போய் விழும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அத்தை சட்டியைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம், நான் கேட்கிற மாதிரி, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு மகனிடம், "உன் பொண்டாட்டி உலை பிரிக்கிறாடா" என்றார். ஒரே வீட்டில் இரண்டு உலை என்றால் எங்கள் பக்கம் குடும்பம் உடைந்தது என்று அர்த்தம், அண்ணன் தம்பி சொத்துப் பிரிக்கிறபோது முதலில் பிரிவது அடுப்புதான். அவர் அந்தக் காலத்து மனுஷி. ஒரு பொம்பளை தனக்கென்று மட்டும் ஆக்கிச் சாப்பிடுவதை அவர் 74 வயது வரைக்கும் பார்த்ததில்லை, எல்லோரும் தின்றபின் சட்டியில் ஒட்டியிருக்கிறதை வழித்துச் சாப்பிட்டே வளர்ந்தவர், நானும் அப்படித்தான் இருந்தேன், 118 கிலோவுக்கு வந்ததில் அந்த வழித்த சட்டிகளுக்கும் பங்கு உண்டு.

என் கணவர் இரண்டு பக்கமும் பேசாமல் டிவி பார்த்தார். நானும் விளக்கம் சொல்லப் போகவில்லை. சட்டியை மட்டும் அடுப்பில் வைத்தேன்.

முதலில் செய்தது நகரைச் சொதி. நகரை தெரியும்தானே, சிவப்பாக, வாய்க்குக் கீழே இரண்டு மீசையோடு இருக்கும். இரண்டு சேர்த்து நூறு கிராம் வரும், சுத்தம் செய்தபின் எழுபது எண்பது. கிட்டத்தட்ட பதினைந்து கிராம் புரதம், ஒரு வேளைக்குத் தாராளம். நாலு சின்ன வெங்காயம், கீறிய பச்சைமிளகாய் ஒன்று, கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை வெந்தயம், மஞ்சள். இரண்டாம் தேங்காய்ப்பாலில் இதெல்லாம் வெந்தபின் மீனைப் போட்டு மூடி ஐந்து நிமிஷம். கடைசியில் முதல் பால் இரண்டு ஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம், கொழுப்பு என்று டயட்டீஷியன் திட்டுவார். இறக்கி எலுமிச்சை பிழிய வேண்டும், அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் திரியும்.

சின்னச் சட்டிச் சமையல் பெரிய சட்டிச் சமையலை ஐந்தால் வகுத்தது கிடையாது, இதைத் தெரிந்துகொள்ள நான் ஆறேழு சட்டி தீய்த்தேன். மசாலாவை வகுக்கலாம், தண்ணீரை வகுக்க முடியாது. கொஞ்சமாக இருக்கிற குழம்பு கண்மூடித் திறப்பதற்குள் வற்றிவிடும், வற்றினால் உப்பு ஏறும். அதனால் தண்ணீர் கணக்குக்கு மேல், உப்பு கணக்குக்குக் கீழ், மூடி கட்டாயம், தீ ஆகச் சின்னது. இன்னொன்று, மண்சட்டி அடுப்பை அணைத்தபின்னும் கொதித்துக்கொண்டிருக்கும், மீன் முக்கால் வேக்காட்டிலேயே அணைத்துவிட வேண்டும். ஸ்லீவ் செய்தவர்களுக்கு இது ருசி விஷயம் மட்டும் இல்லை, கூட வெந்து இறுகிய மீன் தொண்டைக்குக் கீழே போய் நின்றுகொள்ளும்.

கணவாயும் அப்படித்தான். இரண்டு நிமிஷம், அல்லது முக்கால் மணி நேரம், நடுவில் எங்கே நிறுத்தினாலும் ரப்பர். நான் முக்கால் மணி நேரக் கட்சி. நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் ரெண்டு மூன்று தடவை அலசி உப்பை இறக்கிவிட்டுக் கத்தரிக்காயோடு குழைய வேகவைத்தால் நாலு ஸ்பூனில் சொர்க்கம், வாரத்துக்கு ஒருநாள் மட்டும். முட்டையை அடித்து ஊற்றும்போது ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. மீன் இல்லாத நாளில் பாசிப்பருப்பைச் சுண்ட வேகவைத்து, மேலே கூனி இறாலை வறுத்துப் பொடித்துத் தூவுவேன், அந்த ஒரு ஸ்பூன் பொடி அத்தனைக்கும் கடல் வாசம் கொடுத்துவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது நண்டு. ஆபரேஷனுக்கு முன்னால் நண்டு என்றால் எனக்குப் பொறுமை கிடையாது, உடைத்து நோண்டி எடுப்பதற்குள் சோறு ஆறிவிடும் என்று குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வேன். இப்போது பாருங்கள், எனக்கென்றே ஆண்டவன் படைத்த மாதிரி. ஒரு நண்டு, அரைமணி நேரம். காலை உடை, நோண்டு, ஒரு நூல் சதை வரும், அதை மெல்லு, அடுத்த காலை எடு. வேகமாகச் சாப்பிட நினைத்தாலும் நண்டு விடாது. மெதுவாகச் சாப்பிடு, மெதுவாகச் சாப்பிடு என்று டயட்டீஷியன் நாலு முறை சொல்லியும் ஏறாததை ஒரு நண்டு சொல்லிக்கொடுத்துவிட்டது. மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு வெறும் நீரில் வேகவைத்தாலே போதும்.

எப்படிச் சாப்பிடுகிறேன் என்பதையும் சொல்கிறேன். பன்னிரண்டரை மணிக்கு, மற்றவர்களுக்கு முன்னால், உட்கார்ந்து. நின்றுகொண்டு இல்லை, பரிமாறிக்கொண்டே இல்லை. மகனுக்குச் சோறு ஊட்டிய பழைய எவர்சில்வர் கிண்ணம், டீ ஸ்பூன். முதலில் மீன், அப்புறம் காய், இடமிருந்தால் இரண்டு ஸ்பூன் சோறு, பெரும்பாலும் இடமிருக்காது. இருபது நிமிஷம். முதல் மூன்று வாயில்தான் ருசி முழுசாகத் தெரியும், அதனால் இருப்பதிலேயே நல்ல துண்டு முதலில். பிள்ளைப் பருவத்திலிருந்து நல்ல துண்டைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்த கை எனக்கு, அதை மாற்றத்தான் ரொம்ப நாளாயிற்று. கடைசிக்கு வைத்தால் இப்போது அது எனக்குக் கிடைக்காது, வயிறு மூடிக்கொண்டுவிடும், பூனைக்குத்தான். மூக்கில் நீர் வரும், அல்லது ஒரு பெருமூச்சு வரும், அதுதான் என் வயிறு 'போதும்' என்கிற சைகை, அதற்கு மேல் ஒரு ஸ்பூன் வைத்தாலும் கொல்லைப்புறம்தான்.

தண்ணீர்தான் பெரிய பாடு. சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, மடமடவென்று குடிக்க முடியாது, ஆனால் நாளுக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும், அதுவும் எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில். பாட்டிலைக் கழுத்தில் கட்டாத குறையாகத் திரிந்தேன். ரசத்தில் சோற்றைக் கரைத்து உறிஞ்சிக் கடைசியில் மோர் ஊற்றிக் குடித்துப் பழகியவர்களுக்கு, சாப்பாட்டையும் நீரையும் பிரிப்பது வயிற்றைப் பிரிப்பதை விடக் கஷ்டம்.

மாத்திரை வாழ்நாள் முழுக்க உண்டு, பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி, இரும்போடு டீயும் கூடாது. நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, பத்தாவது மாதம் முளைத்தது. அவ்வளவுதான், அதில் எழுத ஒன்றுமில்லை.

பெருமையாக எழுதிக்கொண்டே போகிறேன், என் சறுக்கலையும் எழுதத்தான் வேண்டும். 79 கிலோ வரைக்கும் இறங்கினேன். ஒன்றரை வருஷம் கழித்துப் பசி திரும்பி வந்தது, திரும்பி வரும் என்று சொல்லித்தான் இருந்தார்கள். அப்போது நான் கண்டுபிடித்த உண்மை: மீன் அடைக்கும், சோறு அடைக்கும், மிக்சர் அடைக்காது. வாயில் போட்டால் பொடிந்து நேராக இறங்கிவிடும், ஆழாக்கு வயிறு என்ன, அதற்கு வயிறே வேண்டாம். முறுக்கு, சேவு, டீயில் நனைத்த வர்க்கி, சேதுக்கரை போய்விட்டு வந்த சொந்தக்காரர் கொடுத்த கருப்பட்டி மிட்டாய், எல்லாம் இந்த ஜாதிதான். காலையில் புரதம் அளந்து அளந்து சாப்பிட்டுவிட்டு, நாலு மணிக்கு டீயோடு ஒரு பாக்கெட் மிக்சரை, ஒரு பாக்கெட் என்று தெரியாமலே, முடித்துக்கொண்டிருந்தேன். நாலு கிலோ ஏறியது. இரண்டு கிலோ இறக்கியாயிற்று, மிச்சம் இரண்டு என்னோடு இருக்கிறது. இப்போது நாலு மணிக்குச் சுண்டல், கைப்பிடி அளவு, தட்டைப்பயறோ கடலையோ. மிக்சர் டப்பா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அது வேறு.

விசேஷ வீடுகள் தனிக் கதை. கறிவிருந்தில் இலையில் உட்கார்ந்துவிட்டு 'போதும்' என்று சொல்வதை எங்கள் பக்கம் யாரும் காதில் வாங்குவதில்லை, அது மரியாதைக்குச் சொல்வது என்று நினைத்து இன்னொரு கரண்டி விழும். ஆபரேஷன் என்று சொன்னால் பந்தியே திரும்பிப் பார்க்கும், எவ்வளவு செலவாச்சு, வலிச்சதா, என் மதினிக்குச் செய்யலாமா. முதல் வருஷம் விருந்துக்குப் போவதையே விட்டிருந்தேன். இப்போது பிள்ளைகள் பந்தியில் உட்கார்கிறேன். குழந்தை இலைக்கு யாரும் அள்ளிப் போட மாட்டார்கள். எலும்போடு ஒரு துண்டு, கொஞ்சம் ரத்தப்பொரியல், அதை வைத்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளைக்கு எலும்பை உறிஞ்சக் கற்றுக்கொடுத்தபடி இருபது நிமிஷத்தை ஓட்டிவிடுவேன். சமையல்காரர் கேட்டால் "மஜ்ஜை எடுங்கண்ணே" என்று சொல்ல வேண்டும். சோற்றை வேண்டாம் என்கிறவளை எவரும் சந்தேகப்படுவார்கள், மஜ்ஜையைக் கேட்கிறவளை யாரும் நோயாளி என்று நினைப்பதில்லை.

சரி, உலை பிரித்த கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள்.

அது ஒரு நாளில் முடியவில்லை. இரண்டு மூன்று மாதம் அத்தை என் சட்டிப் பக்கமே திரும்பவில்லை. நான் சாப்பிடும்போது தட்டைப் பார்த்து, "இம்புட்டுத்தானா, கோழிக்குஞ்சுக்குப் போடுற மாதிரி" என்பார், அதோடு சரி. அவருக்கு மேல்வரிசையில் பல் இல்லை, ரத்தக் கொதிப்புக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி வருஷக்கணக்காயிற்று, வீட்டுக் குழம்பில் அதை யாரும் குறைக்கவில்லை, நானும்தான். எங்களுக்குச் சோறு கலக்கிறபோது தெரியாத உப்பு அவருக்கு ஒவ்வாமல்தான் இருந்திருக்கிறது, சொன்னதில்லை. அளவும் குறைந்துவிட்டது, தட்டில் பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவார். வயசாகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஐப்பசியில் வாடை எழும்பி வடகடல் கொந்தளித்துக் கிடந்த ஒருநாள், தென்கடல் பக்கம் போன வள்ளத்தில் ஊடகம் மீன் கொஞ்சம் வந்தது. எனக்கு ஒன்றுதான் வாங்கினேன். தேங்காய்ப்பாலில் வேகவைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டு வந்தேன், சட்டி இறக்கி வைத்திருந்தது, அடுப்பு அணைந்திருந்தது. மூடியைத் திறந்தால் மீனில் ஒரு பக்கம் இல்லை. முள் பளிச்சென்று தெரிந்தது, மறுபக்கம் அப்படியே இருந்தது.

அத்தை திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. அவராகவே, தலையைத் தூக்காமல், "எலுமிச்சை இன்னங் கொஞ்சம் புழிஞ்சிருக்கலாம்" என்றார்.

அடுத்த வாரம் ராமநாதபுரம் போய் அதே கடையில் ஒரு சுற்றுப் பெரிய சட்டி வாங்கினேன், நாலு மீன் படுக்கிற அளவு. முதல் சட்டியில் இப்போது உப்பு போட்டு வைத்திருக்கிறேன். பன்னிரண்டரைக்கு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுகிறோம். அவருக்குக் கிண்ணம் பிடிக்காது, தட்டுதான். என்னைவிட மெதுவாகச் சாப்பிடுகிறார், எனக்குப் போட்டி. சில நாள் அவர் எனக்கு முள் எடுத்துத் தருகிறார், சில நாள் கண் தெரியவில்லை என்று நான் எடுத்துத் தருகிறேன். மகன் கல்லூரியிலிருந்து வந்தால் சட்டியை எட்டிப் பார்த்து, "அந்தக் குட்டிச் சட்டிக் குழம்பு எனக்கு ஒரு கரண்டி" என்கிறான், அத்தை தருவதில்லை, "உனக்குத்தான் அந்தப் பானை நெறைய இருக்கே" என்று விரட்டுகிறார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கரையிலிருந்து மீன்கார அக்காவின் போன் வந்தது. நாளைக் காலையில் வள்ளம் வருமாம், நகரை இருந்தால் எடுத்து வைக்கிறேன் என்றார். எத்தனை என்று கேட்டார். நாலு என்றேன்.